நாற்பத்தொன்றாம் நம்பர் மரம்

கட்டை வண்டியின் மேல் நான் நின்றுகொண்டிருக்கிறேன். வண்டியின் நடுவில் பதினெட்டு அடி உயர மூங்கில் ஒன்று நட்டமாக நிற்கிறது. அதன் உச்சியில் மஞ்சள் துணி, அடியில் குங்குமம். இரண்டு கைகளாலும் அதைக் கட்டிப் பிடித்தபடி வருகிறேன். வீட்டு வாசல்களில் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஓர் அம்மாள் தட்டில் கற்பூரமே ஏற்றிவிட்டாள்.

அவர்கள் கும்பிட்டது மூங்கிலை. எனக்கு அப்போது வயது இருபத்திமூன்று. பாதிக் கும்பிடாவது எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணை மூடினால் இன்றைக்கும் அந்தக் கற்பூர வாசனையும், மாட்டின் கழுத்து மணிச் சத்தமும், கன்னியம்மா கையில் இருந்த சுண்ணாம்புச் சட்டியின் நெடியும் ஒன்றாக வந்துவிடுகின்றன. கூடவே கொஞ்சம் வெட்கமும் வரும். அந்த வெட்கத்தின் கதைதான் இந்த வாரம்.

பெஞ்சு முதல் ஏணி வரை

மயிலாப்பூர்ப் பக்கத்து நகராண்மை வட்டார ஆபீஸில் எனக்குத் தற்காலிக ஒர்க் இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "அந்த ஆபீஸில் நீங்கள் என்னதான் செய்தீர்கள்?" என்று கார்டு போட்டிருக்கிறார். கேள்வியில் கொஞ்சம் குத்தல் இருக்கிறது. இருந்தாலும் பதில் சொல்கிறேன்.

ஊருக்குப் பொதுவாக என்னவெல்லாம் உண்டோ அதையெல்லாம் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. தெருக் குழாய், பூங்கா, சிமெண்டு பெஞ்சு, திருவிழாவுக்குக் கொடுக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்குகள், தண்ணீர்ப் பந்தல் பானைகள், தெருவில் தண்ணீர் தெளிக்கும் வண்டி, ஒரே ஒரு நீள ஏணி. அந்த ஏணிக்கு எப்போதும் கிராக்கி. விளக்கு மாட்டுகிறவர்களும், பந்தல் போடுகிறவர்களும், மாமரத்தில் ஏறிய பூனையை இறக்கச் சொல்கிறவர்களும் அதைக் கேட்டுத்தான் வருவார்கள்.

பூங்காவில் பெஞ்சு ஒன்றை இருபது அடி தள்ளிப் போட வேண்டும் என்று பென்ஷன்காரர்கள் ஒரு கோஷ்டி மனு கொடுத்தார்கள். தள்ளக்கூடாது என்று இன்னொரு கோஷ்டி. ஒரு வருஷம் மனுவும் மறுமனுவுமாக ஓடிற்று. கடைசியில் பத்தடி தள்ளினோம். இரண்டு கோஷ்டிக்கும் கோபம். இரண்டு கோஷ்டியும் மறுநாள் சாயங்காலம் அதே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து எங்களைத் திட்டினார்கள். எனக்குப் பரம திருப்தி.

இதில் மரங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் எப்போதோ இருந்த ஓர் இன்ஜினீயருக்கு எதற்கும் நம்பர் போட்டாக வேண்டும். லஸ் பக்கத்திலிருந்து அபிராமபுரம் போகிற சாலையில் வரிசையாக எல்லா மரங்களுக்கும் சின்னத் தகரத்தில் நம்பர் எழுதி ஆணி அடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். மனுஷர் போனாலும் நம்பர் நின்றது. "முப்பத்தாறாம் நம்பர் மரத்துக்கு எதிர்வீடு" என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தவர்களை எனக்குத் தெரியும்.

மர நிழலில் உட்கார்ந்து தொழில் செய்கிறவர்களுக்கு ஆபீஸில் ஒரு சீட்டு கொடுப்போம். பேர், தொழில், மரத்தின் நம்பர், அவ்வளவுதான் அதில் இருக்கும். ஒரு மரத்துக்கு ஒரு சீட்டு. மரம் பட்டுப்போனாலோ விழுந்தாலோ சீட்டும் செல்லாது. இந்த விதியை யார் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த வயதில் விதி என்றால் விதி என்று நம்புகிறவனாக இருந்தேன்.

மூங்கில் நடக்கும் விதம்

எங்கள் வட்டத்தில் ஓர் அம்மன் கோயில் உண்டு. பெரிய கோயில் தேரோடு ஒப்பிட்டால் இந்தத் தேர் குழந்தை. ஆனாலும் ஆடி மாதத்தில் அது நாலு தெரு சுற்றி வருகிற அன்று எங்கள் ஆபீஸில் யாருக்கும் கை ஓயாது.

தேருக்குப் பத்து நாள் முன்னால் மூங்கில் நடக்கும். தேரின் கலசம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதற்கு அரை அடி கூட்டி ஒரு மூங்கிலை நறுக்குவார்கள். உச்சியில் மஞ்சள் துணி கட்டுவார்கள். நாலு பேர் அதைத் தூக்கிக்கொண்டு தேர் போகும் பாதையில் நடப்பார்கள். பத்து அடிக்கு ஒரு தரம் தரையில் ஊன்றி நிமிர்த்தி, அண்ணாந்து பார்ப்பார்கள். மஞ்சள் துணியில் எந்தக் கிளை உரசுகிறதோ, அந்த மரத்தின் அடியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார்கள். கிளையை வெட்டினால் மரமே சாய்ந்துவிடும் என்றால் பெருக்கல் குறி. கோடு போட்டால் கிளை போகும், பெருக்கல் போட்டால் மரம் போகும்.

இது வழக்கம். ரொம்ப மெதுவான வழக்கம். ஒரு தெருவை முடிக்கவே அரை நாள் ஆகும். மூங்கிலை நிமிர்த்தும்போது அது ஆடும், ஆட்கள் ஆடுவார்கள், ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு வசவு வேறு நடக்கும்.

அந்த வருஷம் மூங்கில் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். அல்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் பட்டப்பகலில் வண்டி பிடித்தேன்.

சாலை போடக் கப்பிக்கல் ஏற்றுகிற கட்டை வண்டி ஆபீஸில் சும்மா நின்றது. அதைக் கழுவி, நடுவில் மூங்கிலை நிறுத்திக் கட்டிவிட்டால் நாலு ஆள் வேண்டாம். ஊன்றவும் வேண்டாம், நிமிர்த்தவும் வேண்டாம். மாடு நடக்க நடக்க மூங்கில் தானாக அளந்துகொண்டே போகும். நாலு தெருவும் ஒரே காலையில் முடியும். எனக்கே என் மூளையைப் பார்த்து ஆச்சரியமாக இருந்தது.

முடித்தும்விட்டேன். போன வருஷம் மூன்றோ நாலோ மரங்களில் கோடு விழுந்தது. இந்த வருஷம் முப்பதுக்கு மேல். அதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முன்னால் இருந்தவர்கள் சோம்பேறிகள், சரியாக அளக்கவில்லை என்று முடிவு கட்டினேன். எழுதிக் கொடுத்த அறிக்கையில் அதை நாசூக்காகக் குறிப்பிடவும் செய்தேன்.

யாரும் ஆட்சேபிக்கவில்லை. அதற்கும் காரணம் உண்டு. யுத்த காலம். விறகுக் கடையில் காலையிலிருந்து வரிசை நிற்கும். தேருக்காக வெட்டுகிற கிளை அந்தத் தெருவுக்குச் சொந்தம் என்பது வழக்கம். நிறையக் கோடு என்றால் நிறைய விறகு. தெருவே என்னை வாழ்த்திற்று.

பஞ்சு வில்

ஒரே ஓர் இடத்தில்தான் பெருக்கல் குறி விழுந்தது. அது நாற்பத்தொன்றாம் நம்பர் தூங்குமூஞ்சி மரம்.

அதன் பெரிய கிளை ஒன்று சாலையின் குறுக்கே கை நீட்டியது போலப் போயிருந்தது. மஞ்சள் துணி அதில் போய் நன்றாகவே மாட்டிக்கொண்டது. அந்தக் கிளையை எடுத்தால் பாரமெல்லாம் வீட்டுப் பக்கம் போய்விடும். மரத்தையே எடுப்பதுதான் விதி. நான் சொல்லச் சொல்ல, கன்னியம்மா அடிமரத்தில் பட்டையாகச் சுண்ணாம்பைத் தீற்றினாள். தகரத்தின் மேலும் சுண்ணாம்பு வழிந்தது.

கன்னியம்மா எங்கள் மரம் வெட்டும் கூட்டத்தோடு வேலை செய்கிறவள். கிளை சுமப்பது, கூட்டுவது, சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் அவள்தான். முப்பது வயது இருக்கும். வெற்றிலை மெல்லாத நேரத்தில் என்னைக் கேலி செய்வாள். அன்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

அந்த மரத்தடியில் சத்தார் பாய் மெத்தைக் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு பாய், ஒரு தையல் பெட்டி, பஞ்சு அடிக்கிற பெரிய வில். அபிராமபுரத்தில் அப்போதுதான் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. புது வீடு என்றால் புது மெத்தை. பாய்க்குக் கை நிறைய வேலை. காலை முழுக்க அந்த வில்லின் "டொய்ங், டொய்ங்" சத்தம் சாலையில் கேட்டுக்கொண்டே இருக்கும். கீழே வெள்ளைப் பஞ்சும், மேலிருந்து உதிர்கிற ரோஜா நிறப் பூவும் அவர் தாடியில் ஒன்றாக ஒட்டியிருக்கும்.

மறுநாள் அவர் ஆபீஸுக்கு வந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து நான் விதிகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் குரலே உயரவில்லை. வருஷா வருஷம் இந்த வழியாகப் போகிற தேர்தானே, ஒரு தரமும் இடித்ததில்லையே என்று கேட்டார். மரம் வளரும் பாய் என்று நான் சொன்னேன். மரம் வளர்ந்தால் கிளை மேலே அல்லவா போகும் என்றார் அவர். பாரத்தில் தாழும் என்றேன் நான். பதில் எனக்கே பிடித்திருந்தது.

பிறகு அவர் சீட்டைப் பற்றிக் கேட்டார். வேறு மரத்துக்கு மாற்றித் தரலாமா என்றார். பக்கத்து மரங்களுக்கெல்லாம் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். ஒரு மரத்துக்கு ஒரு சீட்டு. பெரம்பூர்ப் பக்கம் வேண்டுமானால் விசாரித்துச் சொல்கிறேன் என்று பெரிய மனது பண்ணினேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். ராணுவத் தபால். முகவரி இங்கிலீஷில் இருந்தது. அவர் பேர், மெத்தைக் கடை, மரம் நம்பர் 41, மயிலாப்பூர்.

"எம் மவன் யூசுப் எழுதினது தம்பி. பர்மா பக்கம் எங்கியோ கீறான். அவன் பட்டாளத்துக்குப் போவ சொல்லோ நாங்க ராயப்பேட்டைல இருந்தோம். குண்டு போடுவான்னு ஊரே காலி பண்ணப்ப ஆர்க்காட்டுக்குப் போயிட்டோம். திரும்பி வந்தா அந்த எடம் போயிடுச்சி. இந்த எடத்த அவன் பாத்ததே கெடையாது. இந்த நம்பரு ஒண்ணுதான் அவனுக்குத் தெரியும்."

வீட்டு முகவரி எழுதக் கூடாதா என்று கேட்டேன். வீடு என்பது யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டில் ஒரு தடுப்பு, மாசத்துக்கு மாசம் மாறும், மரம் மாறாது என்று நினைத்தேன் என்றார். புது முகவரி எழுதிப் போட்டால் போயிற்று என்றேன். போன தடவை எழுதியது போய்ச் சேர ஆறு மாசமாயிற்று என்று சொல்லிவிட்டு, காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஊர்த் தேர் பெரிதா, ஒருவர் சீட்டு பெரிதா என்று என்னை நானே கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். நாம் கேட்கிற கேள்விக்கு நாமே பதில் சொன்னால் எப்போதும் சௌகரியமான பதில்தான் வரும்.

கன்னியம்மா கேட்டது

கிழக்குத் தெருவிலிருந்து வெட்டு ஆரம்பமாயிற்று. முதல் நாளே பதினொரு கிளைகள் கீழே விழுந்தன. தெருப் பெண்கள் அரிவாளோடு வந்து ஆளுக்கொரு கட்டு கட்டிக்கொண்டு போனார்கள். பச்சை மர வாசனை தெருவெல்லாம் அடித்தது. வெட்டின இடங்களில் வானம் புதிதாகத் தெரிந்தது. மறுநாள் முறை சாலையில் நாற்பத்தொன்றுக்கு.

அந்த முதல் நாள் மத்தியானம் கட்டை வண்டியின் நிழலில் உட்கார்ந்து ஆட்கள் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். கன்னியம்மா சட்டியைக் கழுவிவிட்டு எழுந்து, கிளை போன இடங்களை அண்ணாந்து பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏன் சாரு, அம்மா தேரு இந்த வருசம் மாட்டு வண்டி மேல ஏறிக்கினா வருது?"

ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பி வண்டியைப் பார்த்தேன். நான் சாய்ந்திருந்த வண்டியின் பலகை என் இடுப்புக்கு மேலே இருந்தது.

மூங்கில் பதினெட்டு அடி. அது நின்றது தரையில் அல்ல. மூன்றேகால் அடி உயர வண்டியின் மேல். நான் அளந்தது ஊரில் இல்லாத ஒரு தேரை.

அவள் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"நான் அன்னிக்கே பாத்தேன் சாரு. படிச்சவங்க, வண்டி உசரத்த கழிச்சிட்டுதான் கோடு போட சொல்றீங்கன்னு நெனச்சேன். நேத்து பாய் மொகத்த பாத்தப்பதான் சந்தேகம் வந்துது. எங்க வூட்லயும் அடுப்பெரிக்க ஒரு சுள்ளி கெடையாது, பொய் சொல்ல மாட்டேன், வாய மூடிக்கினு இருந்தா எனக்கும் ரெண்டு கட்டு வெறகு. மனசு கேக்கல."

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவள் சொன்னதில் கடைசிப் பாதியைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். எனக்குப் போக இருந்தது ஒரு தற்காலிக வேலை. அவளுக்குப் போனது அடுப்புக்கு விறகு. முதலில் வாயைத் திறந்தது அவள்.

நான் உடனே வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். திறக்கவில்லை. முதலில் குறுக்கு வழி தேடினேன். நாற்பத்தொன்றில் இருக்கிற பெருக்கல் குறியை மட்டும் நைசாக அழித்துவிட்டால் என்ன? மரத்தை மறுபடி பார்த்தேன், தேவையில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால் போயிற்று. மற்றக் கிளைகள் போனால் போகட்டும், கிளைதானே, முளைக்கும்.

துணியை நனைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போயும்விட்டேன். பாய் மெத்தைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, சாமான்களை எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டார். வேலையை முடித்துக் கொடுக்க இரண்டு மெத்தை பாக்கி, ஒரு நாள் அவகாசம் கிடைக்குமா என்றார். என்னை நம்பிக் கேட்டார். ஈரத் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், முப்பது சுண்ணாம்புக் கோட்டை எங்கே மறைப்பது? நேரே ஆபீஸுக்கு நடந்தேன்.

உசரம்

உதவி இன்ஜினீயர் நரசிம்மாச்சாரி அதிகம் பேசாதவர். இரண்டு காதிலும் இரண்டு பென்சில் வைத்திருப்பார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி யோசனை, அறிக்கை, முன்னால் இருந்தவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்தது, கன்னியம்மா கேட்டது, எதையும் விடவில்லை. அவர் நடுவில் கேட்டது ஒன்றுதான், வண்டி எவ்வளவு உயரம் என்று. சொன்னேன். ஒரு பென்சிலை எடுத்து, ஒன்றும் எழுதாமல், மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார்.

"மூங்கில் சரியாத்தான் இருந்திருக்கு. நீர்தான் உசரத்துல நின்னுண்டு இருந்திருக்கீர்."

அதற்கு மேல் திட்டவில்லை. கோடு போட்டவரே போய் அழித்துவிட்டு வர வேண்டும், கூட ஆள் யாரையும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது, பட்டப்பகலில்தான் அழிக்க வேண்டும் என்று சொன்னார். தேர் அன்று மூங்கிலை நான் கையில் தூக்கிக்கொண்டு தேருக்கு முன்னால் நடக்க வேண்டும் என்பது அடுத்த உத்தரவு.

விறகு ஏன் நின்றது என்று கேட்டு எழுதிய வட்டத்துக் கவுன்சிலருக்கு அவரே பதில் எழுதினார். 'அளவு திருத்தப்பட்டது' என்று ஒரே வரி, கீழே அவர் கையெழுத்து. என் பேர் அதில் எங்கும் இல்லை. இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோது அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருக்கு நன்றி சொல்லவில்லையே என்ற குறை எனக்கு இன்னும் உண்டு.

தேங்காய் நார்

சுண்ணாம்பு அடிப்பது சுலபம். அழித்துப் பாருங்கள், தெரியும். தேங்காய் நாரும் ஒரு வாளித் தண்ணீருமாக மரம் மரமாகக் குந்தி உட்கார்ந்து தேய்த்தேன். மூங்கிலோடு வந்தபோது கற்பூரம் ஏற்றிய அதே அம்மாள் இப்போது வாசலில் நின்று, "விறகு இல்லையாமே" என்றாள். அந்த ஒரு வாரத்தில் நான் கேட்ட மிக மரியாதையான வசவு அதுதான்.

கிழக்குத் தெருவில் அழிக்க ஒன்றுமில்லை. பதினொரு கிளைகளும் போனது போனதுதான். அந்த வருஷம் அந்தத் தெருவுக்குத் தேர் வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. இழுத்தவர்கள் பாதி வழியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நாற்பத்தொன்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பாயிடம் என் தப்பைச் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. என் வாளியை வாங்கிப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நம்பரு மேலயும் சுண்ணாம்பு கீது தம்பி. அத்தையும் தொடச்சி வுடு."

தேய்த்தேன். ஆத்திரத்தில் ரொம்பவே தேய்த்துவிட்டேன். சுண்ணாம்போடு பழைய பெயிண்டும் உரிந்து வந்து, தகரம் வெறும் தகரமாகப் பளபளத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்றால் இதுதான். பாய் தகரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்தத் தடவை சிரித்துவிட்டார்.

ஆபீஸுக்கு ஓடிப்போய்க் கறுப்புப் பெயிண்டும் பிரஷும் கொண்டு வந்தேன். விதிப்படி இரண்டு அங்குல எழுத்து, தகரத்தின் மேல். நான் விதியை மறந்தேன். தகரத்துக்குக் கீழே அடிமரத்திலேயே, பட்டையைச் சீவி, ஓர் அடி உயர எழுத்தில் 41 என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் சற்று வலது பக்கம் சாயும். நம்பரும் சாய்ந்துதான் நின்றது. யார் அனுமதித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

தேர் அன்று மூங்கிலைத் தோளில் சுமந்து நடந்தேன். பத்து அடிக்கு ஒரு தரம் ஊன்றி நிமிர்த்தினேன். நாற்பத்தொன்றுக்கு வந்ததும் தேர் ஒரு கணம் நின்றது. எல்லோரும் அண்ணாந்தார்கள். கலசம் கிளைக்குக் கீழே தாராளமாக நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று. நடுவில் ஓர் ஆள் படுத்துத் தூங்கலாம் போல இடம் இருந்தது. கிளையிலிருந்து நாலு பூ தேர்ச் சீலை மேல் உதிர்ந்தது. கூட்டத்தில் கன்னியம்மா என்னைப் பார்த்து, வண்டி எங்கே என்று கையால் சைகை காட்டினாள். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தில் அதற்கும் சிரித்தேன்.

நம்பர் பார்த்து வந்தவன்

யுத்தம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. ஒரு காலையில் அந்தச் சாலையில் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது.

லஸ் பக்கம் டிராமிலிருந்து இறங்கி ஒரு வாலிபன் நடந்து வந்தான். காக்கிச் சட்டை, தோளில் தகரப் பெட்டி. ஒவ்வொரு மரத்திடமும் போய் நின்றான், தகரத்தை உற்றுப் பார்த்தான், அடுத்த மரத்துக்கு நடந்தான். பாதித் தகரங்களில் துரு ஏறி ஒன்றும் தெரியவில்லை. ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"சார், இந்தப் பக்கம் போனா நம்பரு ஏறுதா, எறங்குதா?"

யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏறுகிறது என்று கையைக் காட்டினேன். கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவனாகக் கண்டுபிடிக்கட்டும் என்று பத்தடி பின்னால் நடந்தேன்.

வளைவு திரும்பியதும் தூரத்திலேயே அது தெரிந்தது. வலது பக்கம் சாய்ந்த, ஓர் அடி உயர எழுத்து. அவன் நடை வேகமாயிற்று. மரத்துக்கு அந்தப் புறம் பஞ்சு வில் டொய்ங் டொய்ங் என்று அடித்துக்கொண்டிருந்தது. பாய் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

யூசுப் பெட்டியைக் கீழே வைத்தான். உடனே கூப்பிடவில்லை. அடிமரத்தின் மேல் கையை வைத்து, நாலையும் ஒன்றையும் ஒரு தரம் மெதுவாகத் தடவினான். பிறகுதான் கூப்பிட்டான்.

வில் நின்றது.

முப்பத்தைந்து வருஷம் நகராண்மையில் இருந்து எத்தனையோ எழுதினேன். ஒருவர் தடவிப் பார்த்தது அந்த ஒன்றைத்தான்.